கார்த்தேஜ்: மணலில் நீண்ட ஒரு கை

துனிஸ் நகரிலிருந்து கிளம்பும் சின்ன மின்சார ரயில், ஏரியின் குறுக்கே போடப்பட்ட கரைமீது ஓடி, கடலோரப் புறநகர்களைத் தொட்டுக்கொண்டு கார்த்தேஜுக்கு வந்து சேருகிறது. ஹனிபாலின் பெயர் தாங்கிய ஸ்டேஷனில் இறங்கும் சுற்றுலாப் பயணிகள் இரண்டாகப் பிரிகிறார்கள். ஒரு கூட்டம் ரோமானியர் காலத்துக் குளியல் மண்டபங்களைப் பார்க்கக் கடற்கரைக்குப் போகிறது. இன்னொரு கூட்டம் பிர்சா குன்றின் மேல் ஏறுகிறது. ஊரின் மேற்குப் புறத்தில், மரங்களுக்கு நடுவே பள்ளமாகக் கிடக்கும் நீள்வட்டத்தைத் தேடிப் போகிறவர்கள் கொஞ்சம் பேர்தான்.

அங்கே பார்ப்பதற்கு அதிகம் இல்லை. ஒரு காலத்தில் ரோமானிய ஆப்பிரிக்காவின் பெரிய கேளிக்கை அரங்குகளில் ஒன்று அது. 12ஆம் நூற்றாண்டில் புவியியலாளர் அல் இத்ரீசி விவரித்தபோதுகூட அதன் வளைவுகள் நின்றுகொண்டிருந்தன. பிறகு வந்த தலைமுறைகள் கல் கல்லாகப் பெயர்த்துக்கொண்டு போயின. மிஞ்சியிருப்பது அரங்கின் தரை, சுற்றிலும் தாழ்ந்த சுவர், தரைக்கடியில் ஒரு பாதை, பிரெஞ்சுத் துறவிகள் அமைத்த ஒரு சிற்றாலயம். அந்தச் சிற்றாலயம் இரண்டு பெண்களின் நினைவாக எழுந்தது. கி.பி. 203 மார்ச் 7 அன்று அவர்கள் கொல்லப்பட்ட இடம் இதுவே என்கிறது மரபு.

ஒருத்தி பெர்பேத்துவா. வயது சுமார் 22. நல்ல குடும்பம், நல்ல படிப்பு, கையில் பால்குடிக் குழந்தை. இன்னொருத்தி பெலிசித்தா. அடிமை. 8 மாதக் கர்ப்பிணி. கிறிஸ்தவத்தில் சேரப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த சிறு குழு ஒன்றைப் பிடித்தபோது இவர்களும் சிக்கினார்கள். அவர்களுக்கு மறைக்கல்வி சொல்லித் தந்த சத்துருஸ் அப்போது அங்கே இல்லை. விஷயம் தெரிந்ததும் தானாகவே போய்ச் சரணடைந்து, மாணவர்களோடு சேர்ந்துகொண்டார்.

சிறையில் பெர்பேத்துவா எழுதிவைத்த குறிப்புகள் இன்றும் இருக்கின்றன. ஒரு கிறிஸ்தவப் பெண் எழுதி நமக்குக் கிடைத்திருப்பவற்றில் மிகப் பழையவற்றுள் ஒன்று அது. அதில் வீராவேசம் குறைவு. இருட்டறை, நெரிசல், தாங்க முடியாத வெக்கை, பசியால் துவண்ட குழந்தையைப் பற்றிய கவலை. இவைதான் முதல் பக்கங்களில். வெளியே இருந்த சபை சும்மா இருக்கவில்லை. தெர்த்தியுஸ், பொம்போனியுஸ் என்ற இரண்டு திருத்தொண்டர்கள் காவலர்களுக்குப் பணம் கொடுத்து, சில மணி நேரமாவது கைதிகள் காற்றோட்டமான பகுதியில் இருக்க வழி செய்தார்கள். குழந்தை தன்னிடம் வந்து சேர்ந்த பிறகு சிறையே தனக்கு மாளிகையாகிவிட்டதாக அந்தத் தாய் எழுதுகிறாள்.

இது தற்செயலான கருணை அல்ல. இதே கார்த்தேஜைச் சேர்ந்த தெர்த்துல்லியன், சில ஆண்டுகளுக்கு முன், 197 வாக்கில் எழுதிய நூலில் சபையின் பொதுப் பெட்டியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். மாதம் ஒருமுறை, முடிந்தவர்கள் முடிந்ததைப் போடுவார்கள், கட்டாயம் இல்லை. அந்தப் பணம் ஏழைகளின் சாப்பாட்டுக்கும் அடக்கச் செலவுக்கும், அநாதைக் குழந்தைகளுக்கும், தள்ளாத முதியவர்களுக்கும், நம்பிக்கைக்காகச் சுரங்கத்திலும் சிறையிலும் கிடந்தவர்களுக்கும் போனது. அன்றைய சபைக்கு ஐக்கியம் என்பது வெறும் பிரசங்க வார்த்தையாக இல்லை. அதற்கு வரவு செலவு இருந்தது.

பெர்பேத்துவாவின் தந்தை கிறிஸ்தவர் அல்ல. மகளிடம் மீண்டும் மீண்டும் வந்து கெஞ்சினார். தன் நரைத்த தலையைப் பார்க்கச் சொன்னார், குழந்தையை நினைக்கச் சொன்னார், காலில் விழுந்தார். அங்கிருந்த ஒரு ஜாடியைக் காட்டி, அதை வேறு பெயரால் அழைக்க முடியாதது போலவே தன்னையும் வேறாகச் சொல்லிக்கொள்ள முடியாது என்றாள் மகள். ஆளுநர் பொறுப்பிலிருந்த ஹிலாரியானுஸ் முன்னிலையிலும் பதில் மாறவில்லை. ஆனால் தந்தைக்காக அவள் பட்ட வேதனையை மறைக்கவும் இல்லை.

பெலிசித்தாவின் பயம் வேறு மாதிரி. கர்ப்பிணிக்கு மரண தண்டனையை நிறைவேற்றுவதைச் சட்டம் தடுத்தது. நண்பர்கள் போன பிறகு, முகம் தெரியாத குற்றவாளிகளோடு தனியாகச் சாக வேண்டிவருமோ என்று கலங்கினாள். அவளைத் தனியே விட்டுப் போவதை மற்றவர்களாலும் தாங்க முடியவில்லை. சேர்ந்து ஜெபித்தார்கள். விழாவுக்கு முன்பே பிரசவ வலி கண்டது. வலியில் அலறியவளை, மிருகங்களின் முன் என்ன செய்யப் போகிறாய் என்று ஒரு சிறை ஊழியன் கேலி செய்தான். இந்த வலியைத் தான் தனியாகத் தாங்குவதாகவும், அங்கே தனக்குள் இருந்து தாங்க இன்னொருவர் இருப்பார் என்றும் பதில் சொன்னாள். பிறந்த பெண் குழந்தையைச் சபையைச் சேர்ந்த ஒரு பெண் தன் மகளாக வளர்த்தாள்.

குறிப்புகள் விழாவின் முந்தைய நாளோடு நின்றுவிடுகின்றன. மிச்சத்தை எழுதியது வேறொரு கை. பேரரசர் செப்திமியுஸ் செவெருசின் மகன் கெத்தாவின் பிறந்தநாளுக்காக நடந்த விளையாட்டு அது. முந்தின இரவு கைதிகளுக்குத் தரப்படும் கடைசி விருந்தை அவர்கள் அன்பின் விருந்தாக மாற்றிக்கொண்டார்கள். மறுநாள் அரங்கில் ஒரு முரட்டுப் பசு இரண்டு பெண்களையும் முட்டித் தள்ளியது. பெர்பேத்துவா எழுந்தாள். கிழிந்த உடையைச் சரிசெய்தாள், அவிழ்ந்த கூந்தலை முடிந்தாள். நசுங்கிக் கிடந்த பெலிசித்தாவைப் பார்த்தாள். அருகில் போய்க் கை நீட்டித் தூக்கிவிட்டாள். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். முடிவில், ஒருவரையொருவர் முத்தமிட்டுச் சமாதானம் சொல்லிக்கொண்டு, எல்லோரும் வாளுக்குப் பலியானார்கள்.

அரங்கில் கூடியிருந்த ரோமானியர்கள் சாவுக்குப் பழகியவர்கள். துணிச்சலாகச் சாகிறவர்களையும் பார்த்திருப்பார்கள். ஓர் உயர்குடிப் பெண் அடிமைக்குக் கை கொடுத்துத் தூக்கியது அவர்களுக்குப் புதிதாக இருந்திருக்க வேண்டும். அன்றைய சாட்சியில் பாதி அந்தக் கையில் இருந்தது.

கதை அத்தோடு முடியவில்லை. 50 ஆண்டுகளுக்குள் கார்த்தேஜைக் கொள்ளைநோய் தாக்கியது. பிணங்கள் தெருவில் கிடந்தன. ஆயர் சிப்ரியான் தன் மக்களை அழைத்து, சொந்தச் சபையாருக்கு மட்டும் உதவுவதில் பெருமை ஒன்றுமில்லை, துன்புறுத்தியவர்களுக்கும் செய்யுங்கள் என்றார். பணம் உள்ளவர்கள் பணம் தந்தார்கள். இல்லாதவர்கள் உழைப்பைத் தந்தார்கள். 258இல் அவருடைய தலையும் வெட்டப்பட்டது.

அரங்கிலிருந்து சற்றுத் தூரத்தில், ம்சித்ஃபா என்ற இடத்தில் ஒரு பழைய பேராலயத்தின் இடிபாடுகள். 1907இல் துறவி டெலாத்ர் அங்கே துண்டு துண்டாக உடைந்த ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்துப் பொருத்தினார். பிற்காலத்தில் பொறிக்கப்பட்ட அந்த ஒரே கல்லில் பெர்பேத்துவாவின் பெயரும் இருந்தது, அடிமை பெலிசித்தாவின் பெயரும் இருந்தது.

பிர்சா குன்றின் மேல் 1890இல் திறக்கப்பட்ட கதீட்ரல், 1964இல் வத்திக்கானும் துனிசியாவும் செய்துகொண்ட உடன்பாட்டுக்குப் பின் அரசின் கைக்கு வந்தது. பிறகு அங்கே இசை நிகழ்ச்சிகள் நடந்தன. நாட்டில் இன்று கிறிஸ்தவர்கள் மிகக் குறைவு; அவர்களிலும் பெரும்பாலோர் வெளிநாட்டினர். கார்த்தேஜில் மணி ஓய்ந்தாலும் அந்தப் பெயர்கள் ஓயவில்லை. கத்தோலிக்கத் திருப்பலியின் முதல் நற்கருணை மன்றாட்டில் உலகெங்கும் அவை சொல்லப்படுகின்றன; தமிழிலும்தான். அந்த வரிசையில் பெலிசித்தாவின் பெயர் முதலில் வருகிறது. பெர்பேத்துவா அடுத்துத்தான்.

அந்தப் பெயர்களைக் கேட்டுத் தலைகுனியும் நம் ஊர்களில் சிலவற்றில் ஜாதிக்கொரு கல்லறை இன்னும் இருக்கிறது. சிங்கத்தின் முன் நிற்கும்படி இன்று பெரும்பாலான விசுவாசிகளை யாரும் கேட்பதில்லை. அடுத்த பெஞ்சில் இருப்பவருக்குக் கை நீட்டுவது மட்டும்தான் பாக்கி. அதற்கும் துணிச்சல் வேண்டும் என்பதைக் கார்த்தேஜின் மணல் அறியும்.