கொம்பின் இடம்

புதுக் கம்ப்யூட்டர் காலியாக வருவதில்லை. எழுதுகிறவன் எப்படி எழுதுவான் என்று யாரோ எடுத்துவைத்த முடிவுகள் அதில் நிறைந்திருக்கின்றன. எதை ஏற்பது, எதை மறுப்பது என்று பார்க்கவே எனக்கு இரண்டு நாட்கள் ஆயின. அறிவிப்புகளை நிறுத்தினேன். தமிழ்ப் பக்கம் முழுவதையும் சிவப்பில் அடிக்கோடிட்ட பிழைதிருத்தியை அணைத்தேன். இவை சில்லறை விஷயங்கள். எழுத்து எந்த வரிசையில் பிறக்கிறது என்பதுதான் பிரச்னை.

டைப்ரைட்டரில் பழகிய கை என்னுடையது. 'கொ' என்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். பேனாவும் இப்படித்தான் போகிறது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 முறையில் 'க', பிறகு 'ஒ'. 'அக்கா'வுக்குப் புள்ளியைத் தட்டவே வேண்டாம். க இரண்டாம் முறை வந்ததும் முதல் க புள்ளி பெற்றுவிடும். யூனிகோடும் கொம்பை எழுத்துக்குப் பின்னால்தான் சேமிக்கிறது. கண்ணுக்கு முன்னால் நிற்பது யந்திரத்தின் நினைவில் பின்னால் இருக்கிறது. கையின் வரிசையை விட்டுக் காதின் வரிசைக்கு வருவது சிரமம்தான் என்றாலும் தமிழ்99ஐயே வைத்துக்கொண்டேன்.

இந்த வித்தியாசம் வெறும் பழக்கம் சார்ந்தது அல்ல என்பது நண்பர் ஒருவரின் கவிதைகளைத் திறந்தபோது தெரிந்தது. அவர் இப்போது இல்லை. 42 கவிதைகளை யூனிகோடுக்கு முந்திய ஒரு ஃபான்ட்டில் அடித்துவைத்திருந்தார். அந்த ஃபான்ட் இல்லாத புது யந்திரத்தில் அவை உச்சிக்குறியிட்ட ரோமன் எழுத்துக்களின் குப்பையாகத் தெரிந்தன. மாற்றித் தரும் மென்பொருள் ஒன்றில் போட்டேன். தமிழ் வந்தது. ஆனால் அவருடைய 'வெளி' எல்லாம் 'வௌி' ஆகியிருந்தது.

காரணம் எளிது. பழைய ஃபான்ட்டில் ஔகாரத்தின் பின்பகுதிக்கும் 'ள' என்ற எழுத்துக்கும் ஒரே குறி. கொம்பு, ஓர் எழுத்து, ள என்று கண்டதும் மென்பொருள் ஔகாரம் என்று முடிவு கட்டிவிடுகிறது. 'மௌனம்' விஷயத்தில் அது சரி. 'வெளி' விஷயத்தில் தவறு. அவர் மீண்டும் மீண்டும் போன இரண்டு சொற்கள் இவை. இரண்டுக்கும் யந்திரத்திடம் வித்தியாசம் இல்லை.

'வௌி'யை ஒரே கட்டளையில் மாற்றிவிடலாம். ஆனால் பேச்சுத் தமிழில் 'வெளக்கு' என்றும் 'கெளம்பி' என்றும் எழுதியவர் அவர். எந்த இடத்தில் எது என்பது அந்தக் கவிதையை வாசிப்பவனுக்குத்தான் தெரியும். எனவே 42ஐயும் வரி வரியாக வாசித்தேன். வருஷக்கணக்கில் பிரசுரிக்கப்பட வேண்டியவை என்று பேசிக்கொண்டே இருந்தோம். இவ்வளவு நெருக்கமாக வாசித்ததில்லை. ஒரு கவிதையில் இரண்டு சொற்களும் அடுத்தடுத்து வருகின்றன. மௌனத்தைத் தொடவில்லை. வெளியில் மட்டும் கொம்பையும் ளவையும் பிரித்துவைத்தேன்.