களிமண்ணும் கனலும்

வெப்பம் ஆக்கவும் வல்லது; அழிக்கவும் வல்லது. அளவான தீ, பச்சை மண்ணை வலிய கலமாக்குகிறது. அத்தீயே மிகுந்தால் கலம் கோணிப் பயனற்றதாகிறது. குயவர் நன்கறிந்த இவ்வுண்மை, கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுலகிலும் விளங்குதல் வியப்பன்றோ!

மாண்ட்மோரிலோனைட் என்பது ஒருவகைக் களிமண். இதன் துகள் ஒவ்வொன்றும் ஒரு சுவடிக்கட்டினை ஒக்கும். அதில் அடுக்கியுள்ள ஏடு ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 1 நானோமீட்டர். அஃதாவது, ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. இவ்வேடுகளைப் பிரித்து, நைலான் முதலிய பாலிமர்களினுள் பரப்பினால் அவை பெரிதும் உறுதி பெறும். 1980களில் ஜப்பானிய டொயோட்டா ஆய்வாளர் இதனைச் செய்து காட்டினர். நூற்றுக்கு ஐந்து பங்கிற்கும் குறைவான களிமண்ணே சேர்ந்தது. ஆயினும், சுமையேற்றிய நைலான் வெம்மையால் வளையும் வெப்பநிலை 65° செல்சியசிலிருந்து 140°க்கும் மேலாக உயர்ந்தது.

ஏடுகளைப் பிரித்தல் எளிதன்று. களிமண் நீரோடு உறவுடையது. பாலிமர்களுட் பல நீரோடு ஒட்டாதவை. ஆதலின், நீண்ட கரிமச் சங்கிலி கொண்ட அம்மோனிய உப்புகளை ஏடுகளின் இடையே புகுத்தி இணக்கம் உண்டாக்குவர். இத்தகைய களிமண்ணைப் பாலிஸ்டைரீனோடு கலந்து, அது இளகும் அளவு சூடேற்றினால், பாலிமர்ச் சங்கிலிகள் தாமாகவே ஏடுகளிடையே நுழைகின்றன. 1993இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார் இதனை வெளியிட்டனர். ஏடுகள் விலகியமையை எக்ஸ் கதிர்கள் காட்டின.

ஆனால், ஈண்டு ஓர் இடர் உண்டு. ஏறத்தாழ 200° செல்சியசில் அவ்வுப்புகள் சிதையத் தொடங்கும். இணக்குவிப்போர் நீங்கினால் உறவும் முறியுமன்றோ! விரிந்த ஏடுகள் மீண்டும் நெருங்கிக் கட்டாகின்றன. நைலான் உருகுவதற்கோ 220° வேண்டும். எனவே, அதனை வார்ப்போர் மிகை வெப்பத்தையும் காலத் தாழ்வையும் தவிர்த்தல் வேண்டும். தவறினால், புறத்தே மாசின்றித் தோன்றும் பொருள் அகத்தே கட்டுக்குலைந்திருக்கும். இதுபற்றியே, மிகுந்த வெம்மையைத் தாங்கும் வேறு உப்புகளையும் அறிஞர் நாடினர்.

இப்பொருள் தீப்பற்றினும் களிமண் தன் பணியை விடுவதில்லை. பாலிமர் எரிய எரிய, ஏடுகள் மேற்பரப்பில் திரண்டு கரியோடு கூடிக் கேடயமாகின்றன. எரியும் விரைவைத் தணிக்கின்றன.

வெம்மை ஒன்றே, அதன் அளவே ஆக்கத்தையும் அழிவையும் வகுக்கின்றது. அளவறிந்து ஆற்றுவதே தொழிலறிவு.