ஸ்காபுரோவுக்குப் பெயர் வைத்தவர்

டொரொண்டோவின் கிழக்கே இருக்கும் ஸ்காபுரோவில் இறங்கியதும் எனக்கு பிரிக்பீல்ட்ஸ் ஞாபகம்தான் வந்தது. தமிழ்ப் பெயர்ப்பலகைகள், நகைக்கடை, சுடச்சுட இடியாப்பம். இலங்கைத் தமிழர்கள் பெருமளவில் குடியேறிய பகுதி இது.

தோழியின் மாமியார் யாழ்ப்பாணத்துக்காரர். ஞாயிற்றுக்கிழமை எங்களை 'பிளஃப்ஸ்' பார்க்கக் கூட்டிப்போனார். ஒண்டாரியோ ஏரிக்கரையில் சுமார் 15 கிலோமீட்டர் தூரத்துக்குச் செங்குத்தாக நிற்கும் வெளிறிய மேடு. தூரத்தில் பாறை மாதிரி இருக்கிறது. கிட்டப் போனால் களிமண்ணும் மணலும்தான். அலை அரிக்க அரிக்கச் சரிந்துகொண்டே இருக்கிறது.

"பாக்கக் கடல் மாதிரித்தான் கிடக்கு பிள்ளை. வாயில வச்சுப் பாரும், உப்பில்லை" என்றார் மாமி.

1793இல் இதே மேட்டைப் படகிலிருந்து பார்த்தார் எலிசபெத் சிம்கோ. மேல் கனடாவின் முதல் துணை ஆளுநர் ஜான் கிரேவ்ஸ் சிம்கோவின் மனைவி. இங்கிலாந்தில் யார்க்‌ஷர் கடற்கரையில் உள்ள ஸ்காபுரோ அவருக்கு நினைவு வந்ததாம். அப்போது இந்த வட்டாரத்தின் பெயர் கிளாஸ்கோ. அதுவும் இரவல்தான்! அதை மாற்றி ஸ்காபுரோ ஆக்கினார்கள்.

மனைவிக்கு நினைவு என்றால், கணவருக்கு அது திட்டம். பூர்வகுடிப் பெயர்கள் அவருக்குப் பிடிக்காது. இங்குள்ள ஆறுகள் டான், ஹம்பர் ஆயின. மேற்கே அனிஷினாபே மக்கள் 'மான்கொம்பு ஆறு' என்று அழைத்த ஆற்றைத் தேம்ஸ் ஆக்கி, அதன் கரையில் லண்டன் என்ற தலைநகருக்கு இடம் குறித்தார். லண்டன் ஊரானது, தலைநகர் ஆகவில்லை. டொரொண்டோவையும் யார்க் என்று மாற்றினார். அது மட்டும் நிலைக்கவில்லை; 1834இல் பழைய பெயரே திரும்பி வந்தது.

நம் பட்டர்வொர்த், போர்ட் டிக்சன் எல்லாம் அதிகாரிகளின் பெயர்கள். அவற்றைச் சொல்லும்போது யாருடைய ஏக்கமும் எனக்குத் தோன்றியதில்லை. எலிசபெத் விஷயத்தில் கோபமும் இரக்கமும் சேர்ந்தே வந்தன. ஊர் நினைப்பில் வைத்த பெயர்தான், ஆனால் அங்கே ஏற்கெனவே வாழ்ந்தவர்களை யாரும் கேட்கவில்லை.

கதை முழுவதும் கேட்டுவிட்டு மாமி ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிறகு அந்த மனுசி இங்கையே இருந்திட்டாவோ?"

"இல்லை மாமி. 1796இல் குடும்பத்தோடு இங்கிலாந்துக்கே திரும்பிவிட்டார்."

"குடுத்து வச்சவ" என்றார்.