நின்று உண்பதா, அமர்ந்து உண்பதா?

பெங்களூரில் சிற்றுண்டிக்குப் புறப்படுகிறவர், எந்த உணவகம் என்று முடிவு செய்வதற்கு முன்பே, நின்றுகொண்டு சாப்பிடுவதா உட்கார்ந்து சாப்பிடுவதா என்பதை முடிவு செய்துவிட வேண்டியிருக்கிறது. கையிலுள்ள பணமும் கைவசமுள்ள நேரமுமே இதைத் தீர்மானிக்கின்றன என்று பொதுவாகக் கருதப்பட்டாலும், தட்டில் வரப்போகும் பண்டத்தின் இயல்புக்கும் இதில் பெரும் பங்குண்டு.

நின்று உண்ணும் உணவகத்துக்கு இங்கே ‘தர்ஷினி’ என்று பெயர். 1983இல் ஆர். பிரபாகரின் முயற்சியால் ஜெயநகரில் தோன்றிய கஃபே தர்ஷினியிலிருந்து நகரெங்கும் பரவிய இம்முறையில், வாடிக்கையாளர் முதலில் கல்லாவில் பணம் கட்டிச் சீட்டு வாங்கி, அதைச் சமையற்கட்டின் முகப்பில் கொடுத்துத் தட்டைத் தாமே பெற்றுக்கொண்டு, உயரமான மேசையருகே நின்று உண்டு நகர்கிறார். பரிமாறுபவரும் நாற்காலியும் இல்லாததால் செலவு குறைகிறது. ஒருவர் நின்ற இடத்துக்குச் சில நிமிடங்களில் அடுத்தவர் வந்துவிடுவதால் சிறிய கடையே பெருங்கூட்டத்துக்கு ஈடுகொடுக்கிறது. இவற்றைவிட மதிக்கத்தக்கது, ஆட்டோ ஓட்டுநரும் மென்பொருள் பொறியாளரும் ஒரே மேசையில் தத்தம் தட்டை வைத்து உண்ணும் சமநிலையாகும்.

சங்கரபுரத்தில் 1965 முதல் இயங்கும் பிராமின்ஸ் காபி பாரில் இதை நெருக்கமாகக் காணலாம். இட்லி, வடை, காராபாத் எனப்படும் காரமான ரவை உப்புமா, கேசரிபாத் எனப்படும் ரவா கேசரி என்று பட்டியல் மிகச் சிறியது; சாம்பாரே கிடையாது. தமிழகத்தின் கையேந்தி பவனைப் போலவே தட்டைக் கையில் ஏந்தி நடைபாதையில் நிற்பவர்கள், சட்னி தீர்ந்ததும் தட்டை நீட்ட, ஊற்றுபவர் கேள்வியின்றி மறுபடி ஊற்றுகிறார். ஆவி பறக்கும் இட்லிக்கும் கல்லிலிருந்து எடுத்த தோசைக்கும் அடுப்பிலிருந்து வாய்வரையுள்ள தொலைவு குறைவதே சிறப்பு என்பதால், இவற்றை நின்று உண்பதில் எந்தக் குறையும் இல்லை.

ஆனால் சாதம், ரசம், மோர் என வரிசையாக வரும் முழுச் சாப்பாட்டுக்கு அந்த நிலை பொருந்தாது. 1924இல் மையா சகோதரர்கள் தொடங்கிய, இன்று எம்.டி.ஆர். என அறியப்படும் மாவள்ளி டிபன் ரூம்ஸில், இடம் கிடைக்கும்வரை காத்திருந்து, ஒவ்வொன்றாகப் பரிமாறப்படுவதை அவசரமின்றி உண்பதே முறை. இரண்டாம் உலகப் போர்க்கால அரிசித் தட்டுப்பாட்டில் உருவானதாக அவ்வுணவகம் கூறும் ரவா இட்லியும், நெய்யோடு நிதானமாக உண்ணப்பட வேண்டிய பண்டமே. காந்தி பஜாரில் 1943இல் தொடங்கிய வித்யார்த்தி பவனோ இரண்டு வகைக்கும் இடைப்பட்டது. அங்கே நாற்காலி உண்டு என்றாலும், முன்பின் அறியாதவர்கள் ஒரே மேசையைப் பகிர்ந்துகொள்ள, பரிமாறுபவர் தோசைத் தட்டுகளைக் கைமீது அடுக்கடுக்காகச் சுமந்து வர, வாசலில் காத்திருப்போரை எண்ணி உண்டவர்கள் விரைவில் எழுந்துவிடுகிறார்கள்.

உட்காருவதற்கும் ஒரு விலை உண்டு என்பது பிற நாடுகளும் அறிந்ததே. இத்தாலிய நகரங்களின் காபிக் கடைகள் பலவற்றில், முகப்பில் நின்று குடிக்கும் காபியைவிட மேசைக்கு வரவழைக்கும் அதே காபிக்கு அதிகம் கொடுக்க வேண்டும். பெங்களூரிலும் கீழ்த்தளத்தில் நின்று உண்ணும் அதே தோசைக்கு மாடியிலுள்ள குளிரூட்டிய அறையில் கூடுதல் விலை வாங்கும் உணவகங்கள் உள்ளன.

இவ்வேறுபாட்டால் உண்மையில் வருந்த நேர்பவர்கள் முதியோரும், கைக்குழந்தையோடு வரும் தாய்மார்களுமே. மூட்டு வலியுள்ளவருக்கு உயரமான மேசை உதவாது. அவர் குறைந்த விலை இட்லிக்காக நிற்க முடியாமல், கூடுதல் விலை கொடுத்து அமர நேர்கிறது. தர்ஷினிகள் சில சுவரோரம் நாலைந்து நாற்காலிகளை இட்டு வைத்திருப்பது நல்ல வழக்கம். ஒரு மேசையின் இடத்தை மட்டுமே எடுத்துக்கொள்ளும் அந்த ஏற்பாட்டை மற்ற தர்ஷினிகளும் தயங்காமல் மேற்கொள்ளலாம்.