பனிக்காலத்தில் தோற்கும் ஆட்டங்கள்

பேஸ்பால் பார்க்கிறவங்களுக்கு வருஷத்துல ரெண்டு சீசன். ஒண்ணு மார்ச் கடைசியில ஆரம்பிச்சு 162 ஆட்டம் ஓடி, அக்டோபர்ல பிளே ஆஃபோட முடியற நிஜ சீசன். இன்னொண்ணு நவம்பர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும் நடக்கற ஆஃப் சீசன். இதுல பந்தும் கிடையாது, மட்டையும் கிடையாது. யாரை வெச்சுக்கறது, யாரை விடறது, யாருக்கு எத்தனை வருஷத்துக்கு எவ்வளவு காசுங்கற பேரம் மட்டும்தான். ஆனா பாருங்க, ஜூலை மாசத்துல ஒரு டீம் ஜெயிக்குதா தோக்குதாங்கறது பாதிக்கு மேல அந்தப் பனிக்கால நாலு மாசத்துலயே முடிவாகிடுது.

நம்ம டீம் பாஸ்டன் ரெட் சாக்ஸ். 1918-க்கு அப்புறம் 86 வருஷம் கப் வாங்காம இருந்து, 2004-ல வாங்கி, அதுக்குப் பிறகு 2007, 2013, 2018-னு இன்னும் மூணு வாங்கின டீம். இந்த நூற்றாண்டுல இப்படி ஒரு டீமுக்கு ரசிகனா இருக்கறது கொடுத்து வெச்ச விஷயம்தான். அதனால புலம்ப எனக்கு என்ன உரிமை இருக்குன்னு நியூயார்க் யாங்கீஸ் ரசிகர்கள் கூடக் கேட்கலாம். இருந்தாலும் புலம்பத்தான் போறேன் :-)

முதல்ல கணக்கு எப்படி ஓடுதுன்னு சுருக்கமா சொல்லிடறேன். ஒரு ஆட்டக்காரர் மேஜர் லீக்குக்கு வந்ததும் ஆறு வருஷ சர்வீஸ் முடியற வரைக்கும் அந்த டீமோட பிடியிலதான் இருப்பார். முதல் மூணு வருஷம் பொதுவா குறைந்தபட்சச் சம்பளம், இல்லன்னா அதுக்குக் கொஞ்சம் மேல. அடுத்த மூணு வருஷம் ரெண்டு தரப்பும் பேசி முடிக்கணும், ஒத்து வரலைன்னா நடுவர் தீர்ப்பு. அதுக்கப்புறம்தான் ஃப்ரீ ஏஜென்ட், யார் அதிகம் கொடுக்கறாங்களோ அங்க போகலாம். ஐபிஎல் ஏலத்துல எல்லா டீமுக்கும் ஒரே அளவு பணப்பை. இங்க அப்படி உச்சவரம்பு கிடையாது. ஒரு எல்லைக்கு மேல மொத்தச் சம்பளம் போனா, கூடுதல் தொகைக்கு லக்சுரி டாக்ஸ் கட்டணும், அவ்வளவுதான். முதல் வருஷம் 20 சதவீதம், தொடர்ந்து ரெண்டாவது வருஷம் 30, மூணாவது வருஷம் 50. எல்லைக்குக் கீழ ஒரு வருஷம் வந்துட்டா மறுபடி 20-லேர்ந்து ஆரம்பம்.

இந்தக் கடைசி வரிதான் மூக்கி பெட்ஸைப் பாஸ்டன்லேர்ந்து கிளப்பிச்சு.

பெட்ஸை ரெட் சாக்ஸ் 2011 டிராஃப்ட்ல அஞ்சாவது சுற்றுல எடுத்தாங்க. டென்னஸி மாநிலத்துப் பையன், சின்ன உருவம், பெரிய பேர் எதுவும் இல்ல. 2014 ஜூன்ல 21 வயசுல பாஸ்டனுக்கு வந்தார். 2018-ல பேட்டிங் சராசரி .346, 32 ஹோம் ரன், 30 திருட்டு பேஸ், அமெரிக்கன் லீக் எம்விபி. டீம் 108 ஆட்டம் ஜெயிச்சு, வேர்ல்ட் சீரிஸ்ல லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸை 4-1-னு அடிச்சுது. அடுத்த பதினாறு மாசத்துக்குள்ள, 2020 பிப்ரவரியில, அதே டாட்ஜர்ஸுக்கு அவரை அனுப்பிட்டாங்க. கூடவே டேவிட் பிரைஸும் போனார். பிரைஸோட மீதிச் சம்பளத்துல பாதியை பாஸ்டனே கட்டறதா ஒப்பந்தம். பதிலுக்கு வந்தது அலெக்ஸ் வெர்டுகோ, ஜீட்டர் டவுன்ஸ், கானர் வாங்.

நிர்வாகத்தோட பக்கத்தையும் நியாயமா சொல்லிடணும். பெட்ஸ் ஒப்பந்தத்துல ஒரே வருஷம்தான் பாக்கி. ஃப்ரீ ஏஜென்ட் சந்தைக்குப் போயே தீருவேன்னு இருந்தார். 10 வருஷம் 30 கோடி டாலர் வரைக்கும் பேசியும் ஒத்துக்கலைன்னு செய்தி வந்துது. 2018, 2019 ரெண்டு வருஷமும் டீம் வரி எல்லையைத் தாண்டியாச்சு, 2020-ல எல்லை 20.8 கோடி டாலர். மைனர் லீக்ல சொல்லிக்கற மாதிரி ஆளுங்க இல்ல. சும்மா போக விடறதுக்குப் பதிலா ஏதாவது வாங்கிக்கலாம்னு நினைச்சாங்க. கேட்க நல்லாத்தான் இருக்கு.

ஆனா அந்த வரி எல்லை எப்படி நிரம்பிச்சு? பிரைஸுக்கு 2015 டிசம்பர்ல 7 வருஷம் 21.7 கோடி. ஈவால்டிக்கு 2018 டிசம்பர்ல 4 வருஷம் 6.8 கோடி. கிறிஸ் சேலுக்கு, ஃப்ரீ ஏஜென்ட் ஆக இன்னும் ஒரு வருஷம் இருக்கும்போதே, 2019 மார்ச்சுல 5 வருஷம் 14.5 கோடி. மூணு பேரும் பிட்சர்கள், மூணு பேர் கையும் ஏற்கனவே ஆபரேஷனோ வலியோ பார்த்த கை. அதாவது, வெளியிலேர்ந்து வந்த தேய்ஞ்ச கைகளுக்கு அள்ளிக் கொடுத்துட்டு, இடம் இல்லைன்னு சொந்த வீட்டுப் பிள்ளையை வெளிய அனுப்பினாங்க. எல்லையை 2 கோடி டாலர் தாண்டினா 50 சதவீதத்துல வரி 1 கோடி. ஃபென்வே பார்க் மாதிரி ஒரு மைதானத்தை வெச்சுக்கிட்டு, டிக்கெட்டை நாட்டுலயே விலை கூடிய வரிசையில வித்துக்கிட்டு இருக்கற டீமுக்கு இது கட்ட முடியாத காசா?

அப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும். 2020 ஜூலையில டாட்ஜர்ஸ் அவருக்கு 12 வருஷம் 36.5 கோடி டாலர் கொடுத்தாங்க. ஃப்ரீ ஏஜென்ட் ஆகாம போகமாட்டார்னு சொன்ன அதே ஆள் கையெழுத்துப் போட்டார்! சரியான தொகை வந்தா யாரும் காத்திருக்க மாட்டாங்க. 2020, 2024, 2025-னு அங்க மூணு கப் வாங்கிட்டார். பாஸ்டன் 2020-ல 24 வெற்றி 36 தோல்வி, டிவிஷன்ல கடைசி. 2022, 2023-லயும் கடைசி. ஜீட்டர் டவுன்ஸ் பாஸ்டனுக்கு ஆடினது 14 ஆட்டம். வெர்டுகோவை 2023 டிசம்பர்ல யாங்கீஸுக்கே கொடுத்தாங்க. இதுல பெரிய வேடிக்கை என்னன்னா, வரி எல்லைக்காக பெட்ஸை விட்ட டீம், 2022-ல அந்த எல்லையைக் கொஞ்சூண்டு தாண்டிக்கிட்டே கடைசி இடத்துக்கும் வந்துது. அதனால, அந்தக் குளிர்காலத்துல சாண்டர் போகார்ட்ஸ் 11 வருஷம் 28 கோடிக்கு சான் டியேகோ போனப்ப, ஈடா கிடைக்க வேண்டிய டிராஃப்ட் இடமும் பின்னாடி தள்ளிப் போச்சு.

"விளைவு தெரிஞ்ச பிறகு குறை சொல்றது சுலபம்"னு ஒருத்தர் சொல்லலாம். சரியான கேள்வி. முடிவு வேற, விளைவு வேற. அதுக்குத்தான் கிறிஸ் சேல் கதையைப் பக்கத்துல வெச்சுப் பாக்கணும்.

2023 டிசம்பர் 30. சேலை அட்லாண்டாவுக்கு அனுப்பிட்டு வான் கிரிஸமை வாங்கினாங்க. சேலோட சம்பளத்துல 1.7 கோடியையும் பாஸ்டனே கட்டிச்சு. 2024-ல சேல் 18 வெற்றி, 2.38 ஈஆர்ஏ, 225 ஸ்ட்ரைக் அவுட், நேஷனல் லீக் சை யங் விருது. கிரிஸம் ஒண்ணும் ஆடலை. விளைவை மட்டும் பார்த்தா இதுவும் பெட்ஸ் மாதிரியே அசிங்கம். ஆனா இதுக்கு நான் நிர்வாகத்தைத் திட்ட மாட்டேன். 2020-லேர்ந்து 2022 வரை மூணு சீசன்ல சேல் ஆரம்பிச்ச ஆட்டம் வெறும் 11. 2023-ல 20. அவருக்கு வயசு 34. அன்னிக்குக் கையில இருந்த விவரத்தை வெச்சுப் பார்த்தா யாரும் எடுத்திருக்கக் கூடிய முடிவுதான், அதிர்ஷ்டம் இல்ல. பெட்ஸ் விஷயம் அப்படி இல்ல. 27 வயசு, உடம்புல குறை இல்ல, லீக்கோட தலைசிறந்த ரெண்டு மூணு பேர்ல ஒருத்தர். அன்னிக்குக் காலையிலயே அது தப்பான முடிவுதான். கப் கணக்கெல்லாம் பிறகு வந்த சாட்சி.

அதுவும் முதல் தடவைன்னா மன்னிச்சுடலாம். ஜான் லெஸ்டரை ஞாபகம் இருக்கா? ரெட் சாக்ஸ்லயே வளர்ந்த இடக்கைப் பிட்சர். புற்றுநோய்லேர்ந்து மீண்டு வந்து 2007 வேர்ல்ட் சீரிஸோட கடைசி ஆட்டத்தை ஜெயிச்சுக் கொடுத்தவர். 2014 சீசனுக்கு முன்னாடி அவருக்கு 4 வருஷம் 7 கோடின்னு பேசினதா செய்தி. அந்த ஜூலையில அவரை ஓக்லண்டுக்கு அனுப்பினாங்க. டிசம்பர்ல சிகாகோ கப்ஸ் 6 வருஷம் 15.5 கோடி கொடுத்துது. 2016-ல கப்ஸ் 108 வருஷத்துக்கு அப்புறம் கப் வாங்கினப்ப அவர் அங்க இருந்தார். பாஸ்டன் என்ன பண்ணுச்சு? லெஸ்டர் போன மறு வருஷம் பிரைஸுக்கு 21.7 கோடி கொடுத்துது. ஆமாங்க, 2020-ல பாதிச் சம்பளம் போட்டு அனுப்பின அதே பிரைஸ்தான்.

இதுல எனக்குப் புரியறது ஒண்ணுதான். கையில இருக்கற ஆளோட விலை நிர்வாகத்துக்குச் செலவாத் தெரியுது. வெளியில இருக்கற ஆளோட விலை முதலீடாத் தெரியுது. அடுத்த தெருவுல வாங்கின மல்லிகைதான் மணக்கும்னு ஒரு நினைப்பு.

ஆட்டக்காரரை விடவே கூடாதுன்னு நான் சொல்லலை. பாசத்தை மட்டும் வெச்சு டீம் நடத்த முடியாது. 2012 ஆகஸ்ட்ல கான்சாலஸ், பெக்கெட், க்ராஃபோர்ட் மூணு பேரையும் டாட்ஜர்ஸுக்குத் தள்ளி 25 கோடி டாலருக்கு மேல சுமையை இறக்கினாங்க. அந்த வருஷம் 93 தோல்வி. ஆனா அந்தக் காசைப் பூட்டி வைக்கலை. அடுத்த குளிர்காலத்துல விக்டோரினோ 3 வருஷம் 3.9 கோடி, உயெஹாரா ஒரு வருஷம் 42.5 லட்சம், இடுப்பு எலும்புல கோளாறுன்னு தெரிஞ்ச நாப்போலிக்கு மூணு வருஷப் பேச்சைக் குறைச்சு ஒரு வருஷம் 50 லட்சம். இப்படிச் சின்னச் சின்னதா வாங்கி 2013-ல கப்பே அடிச்சாங்க, கடைசிப் பந்தைப் போட்டது உயெஹாரா. 2003 ஜனவரியில மினசோட்டா கழட்டிவிட்ட டேவிட் ஆர்டிஸை 12.5 லட்சத்துக்கு எடுத்ததும் இதே வகை. அதெல்லாம் புத்திசாலித்தனம். 2020-ல நடந்தது சிக்கனம். ரெண்டும் ஒண்ணு இல்ல.

கடைசியா 2025. பிப்ரவரியில அலெக்ஸ் பிரெக்மனை 3 வருஷம் 12 கோடிக்கு எடுத்தாங்க, நடுவுல விலகிக்கற உரிமையோட. நல்ல ஆட்டக்காரர், மறுக்கலை. ஆனா அவர் இடம் தேர்ட் பேஸ். அங்க ஏற்கனவே ரஃபேல் டெவர்ஸ். பெட்ஸும் போகார்ட்ஸும் போன பிறகு, இவரையாவது வெச்சுக்கணும்னு 2023 ஜனவரியில 10 வருஷம் 31.35 கோடி கொடுத்த ஆள். தேர்ட் பேஸ் என் இடம்னு டெவர்ஸ் வெளிப்படையாவே சொன்னார். பேட்டிங் மட்டும் பண்ணுன்னாங்க. மே மாசம் கேசஸ் முழங்கால் போனதும் ஃபர்ஸ்ட் பேஸ் ஆடுன்னாங்க. அவர் முடியாதுன்னார். ஜூன்ல சான் பிரான்சிஸ்கோவுக்கு அனுப்பிட்டாங்க. டெவர்ஸ் பிடிவாதம் பிடிச்சது எனக்கும் பிடிக்கலை. ஆனா ஒருத்தரோட இடத்தை இன்னொருத்தருக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடி உட்கார வெச்சுப் பேசறதுக்கு எவ்வளவு செலவாகும்? பிரெக்மனாவது தங்கினாரா? விலகிக்கிட்டு 2026 ஜனவரியில கப்ஸுக்குப் போயிட்டார். பதினோரு மாசத்துல ரெண்டு தேர்ட் பேஸ்மேனும் காலி.

நல்லதும் நடந்திருக்கு. 2024 டிசம்பர்ல நாலு இளைஞர்களைக் கொடுத்து கேரட் க்ரோஷேயை வாங்கி, உடனே 6 வருஷம் 17 கோடிக்குக் கட்டிப் போட்டாங்க. 2025-ல 255 ஸ்ட்ரைக் அவுட். ரோமன் ஆன்டனிக்கு 2025 ஆகஸ்ட்ல, வந்து ரெண்டே மாசத்துல, 8 வருஷம் 13 கோடி. இதுதான் பெட்ஸுக்கு 2015-லயோ 2016-லயோ எப்படியாவது முடிச்சிருக்க வேண்டிய வேலை. இதுலயும் ஆபத்து உண்டு. 2025 ஏப்ரல்ல 8 வருஷம் 6 கோடி வாங்கின கிறிஸ்டியன் கேம்பல் ஜூன்லயே மைனர் லீக்குக்குத் திரும்பினார். இருக்கட்டும். 6 கோடியில தோத்தா தாங்கலாம். பெட்ஸைத் தோத்ததைத் தாங்க முடியலை.

ஒரு ரசிகனுக்கு ஆட்டக்காரர் மேல என்ன பாத்தியதை? ஒண்ணும் இல்ல. ஆனா 21 வயசுப் பையன் தடுமாறி, கத்துக்கிட்டு, எம்விபி ஆகற வரைக்கும் ராத்திரி ராத்திரியா உட்கார்ந்து பார்த்த நேரம் இருக்கே, அது எங்களோடது. கப் வருஷத்துக்கு ஒரு டீமுக்குத்தான் கிடைக்கும். மீதி 29 டீம் ரசிகர்களும் எதுக்காக ஆட்டம் பார்க்கறாங்க? இந்த வளர்ச்சியைப் பார்க்கத்தான். பாஸ்டன்ல ஒரு சின்னப் பிள்ளைக்கு 50-ம் நம்பர் சட்டை வாங்கிக் கொடுத்த அப்பா, அடுத்த சட்டை வாங்கறதுக்கு முன்னாடி யோசிப்பார். அந்த யோசனை எந்த வரிக் கணக்குலயும் வராது.

ஆன்டனி சட்டையை அவங்க தைரியமா வாங்கலாம்னு நினைக்கிறேன். எட்டு வருஷமாவது தாங்கும்... பார்ப்போம்.