பின்னால் நிற்பவர்

முட்டிக்குத் தைலம் தேய்க்கிற இரவுகளில், அந்தக் கற்பூரக் காரம் மூக்கில் ஏறியதும் பெரம்பூரில் பெரியப்பா வீட்டுப் பின்வாசலுக்குப் போய்விடுகிறேன், இப்போது கடையில் தருகிற தைலத்தில் அந்தப் பழைய நெடியில் பாதிகூட இல்லை என்றாலும். மர ஸ்டூலில் உட்கார்ந்து, வேட்டியைத் தொடைவரை சுருட்டிக்கொண்டு, சாய்வெயில் காலில் விழும்படி ஸ்டூலை நகர்த்தி நகர்த்திப் போட்டு, அவசரமே இல்லாமல் தேய்த்துக்கொண்டிருப்பார். இளமையில் ஸ்டாப்பர் பேக் ஆடியவர், தான் கோல் போட்டதாக ஒரு கதைகூட அவரிடம் கிடையாது.

தைலம் காய்ந்ததும் ரயில்வே மைதானத்துக்குக் கூட்டிப்போவார், புழுதியும் வியர்வையும் வேர்க்கடலை வறுக்கிற மணலின் சூடும் கலந்த வாசனையில், வெற்றிலையை ஒரு கன்னத்தில் அடக்கியபடி, "பந்தப் பாக்காதடா, பின்னாடி நிக்கிறவனப் பாரு" என்பார். ஒருநாள் வழக்கமான ஸ்டாப்பர் வரவில்லை, ஏதோ வீட்டுக் கல்யாணம், நடுவில் ஆடுகிறவனைப் பின்னுக்கு இழுத்துப் போட்டார்கள், நடு காலியாயிற்று, அதைப் பார்த்துப் பயந்து பக்கத்து பேக்குகள் மேலே ஏறவேயில்லை, பந்து வராமல் ஃபார்வர்டுகள் இடுப்பில் கைவைத்து நின்றார்கள். போனது ஒரு ஆள், கெட்டது நாலு இடம். பெரியப்பா வாயே திறக்கவில்லை, திரும்பும் வழியில்தான் 1962 சிலி உலகக் கோப்பையைச் சொன்னார், இரண்டாவது ஆட்டத்திலேயே பெலே தொடையைப் பிடித்துக்கொண்டு வெளியேறியும் பிரேசில் கோப்பையை வென்றதை, அவர் இடத்தில் வந்த அமரில்டோ ஸ்பெயினுக்கு எதிராக இரண்டு கோல் போட்டதை. கரிஞ்சாவை ஊரே பேசும், பெரியப்பாவோ 37 வயதில் பின்னால் நின்ற நில்டன் சாண்டோஸைப் பற்றியே வீடு வரைக்கும் பேசினார்.

2014 ஜூலை 9, நம் நேரம் அதிகாலை ஒன்றரைக்கு, பெலோ ஹொரிசாண்டேயில் பிரேசிலும் ஜெர்மனியும் அரையிறுதி ஆடியபோது பெரியப்பா இல்லை, பக்கத்து வீடுகளெல்லாம் இருட்டிக் கிடக்க, டிவியின் நீல வெளிச்சத்தில் நான் மட்டும் விழித்திருந்தேன். முதுகெலும்பு முறிந்து படுத்திருந்த நெய்மாருக்காக நாடே அழுதது, தேசிய கீதத்தின்போது அவர் சட்டையை இருவர் தூக்கிப் பிடித்து நின்றார்கள், முந்தைய ஆட்டத்தில் கொலம்பியாவின் கோலியை உதைக்கவிடாமல் மறித்து இரண்டாவது மஞ்சள் அட்டை வாங்கித் தடைபட்ட, பின்னால் நிற்கிற கேப்டன் தியாகோ சில்வாவின் சட்டையை யாரும் தூக்கவில்லை. தலைமை டேவிட் லூயிஸ் கைக்கு வந்தது, பொறுப்பைத் தலையில் ஏற்றிக்கொண்டு அவர் முன்னால் முன்னால் ஓடினார், மார்செலோ விட்டுப்போன பக்கம் திறந்தே கிடந்தது, பக்கத்தில் நின்ற தாந்தேவுக்கு யாரைப் பிடிப்பதென்றே தெரியவில்லை, 23-ஆம் நிமிடம் தொடங்கி 29-க்குள் நாலு கோல், கடைசியில் 7-1. 1975-க்குப் பிறகு சொந்த மண்ணில் போட்டி ஆட்டம் எதிலும் தோற்காத அணி அது. நெய்மார் இருந்திருந்தால் ஒன்றிரண்டு கோல் கூடியிருக்கலாம், அந்த ஆறு நிமிடத்தை அவரால் நிறுத்தியிருக்க முடியாது என்றே இன்றும் நினைக்கிறேன்.

ரியல் மாட்ரிட்காரர்களும் பின்னால் நிற்பவரை மறந்தவர்கள்தான், 2003-இல் பெக்காமை வாங்கிய அதே கோடையில் மகலேலேயை விற்றார்கள், பந்தைப் பிடுங்கிப் பக்கத்தில் கொடுப்பதைத் தவிர வேறு பகட்டில்லாத மனிதர் அவர், ஜிடானும் ரொனால்டோவும் ஃபிகோவும் அங்கேதான் இருந்தார்கள், ஆனாலும் அடுத்த லீக் பட்டம் 2007-இல்தான் வந்தது, அதற்குள் மகலேலே செல்சியில் இரண்டு பட்டம் வாங்கிவிட்டார்.

அண்ணன் பேரன் கைப்பேசியில் கோல்களை மட்டும் வெட்டி ஒட்டிய துணுக்குகளைக் காட்டுகிறான், புல் கண்ணைக் குத்துகிற பச்சை, நொடிக்கொரு கூச்சல், பின்னால் நிற்பவர் சட்டத்துக்குள்ளேயே வருவதில்லை. தியாகோ சில்வா வந்தால் சரியாகிவிடும் என்று அந்த 7-1-க்குப் பிறகு எல்லோரும் சொன்னார்கள், மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் அவர் வந்தார், இரண்டாம் நிமிடத்திலேயே ராபனை இழுத்துப் பெனால்டி கொடுத்தார், நெதர்லாந்து 3-0 என்று ஜெயித்தது. இதற்குப் பெரியப்பா என்ன சொல்லியிருப்பார் என்று தெரியவில்லை, அநேகமாக வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டிருப்பார்.