எங்கள் வீட்டுத் தொழிலும் தாத்தாவின் கையெழுத்தும்

"உங்கள் அப்பாவுக்கு என்ன வேலை?" என்று வகுப்பில் யாராவது கேட்டால் எங்கள் இருவருக்கும் சங்கடந்தான். "கஸ்டம்ஸ் வேலை" என்றால், "அடேயப்பா! சுங்க அதிகாரியா?" என்று கண்களை விரிப்பார்கள். இல்லை என்றால், "அப்போ லாரி கம்பெனியா?" என்பார்கள். அதுவும் முழுக்கச் சரியல்ல. ஆகவே, இரட்டையராகிய நாங்கள் இந்த ஆண்டு மலரின் வாயிலாக எங்கள் குடும்பத் தொழிலைப் பற்றி அன்புத் தோழியருக்குச் சொல்லிவிட விழைகிறோம்.

கோவில்பட்டித் தீப்பெட்டியோ, திருப்பூர்ப் பனியனோ, நம் தூத்துக்குடி உப்போ கடல் கடந்து போக வேண்டுமானால் சுங்க அலுவலகத்தில் 'ஷிப்பிங் பில்' தாக்கல் செய்ய வேண்டும். ஆப்பிரிக்காவிலிருந்து வரும் முந்திரிக்கொட்டையை வெளியே எடுக்க 'பில் ஆஃப் என்ட்ரி' வேண்டும். என்ன சரக்கு, எவ்வளவு எடை, என்ன விலை, எவ்வளவு தீர்வை என்பதையெல்லாம் வியாபாரியின் சார்பில் எழுதிக் கையெழுத்திட உரிமம் பெற்றவரே சுங்க முகவர். முன்பு 'கஸ்டம் ஹவுஸ் ஏஜென்ட்' என்றார்கள். 2013ஆம் ஆண்டு விதிகள் அதனைக் 'கஸ்டம்ஸ் புரோக்கர்' என்று மாற்றின. தாத்தா கடைசிவரை ஏஜென்ட் என்றே சொல்லி வந்தார்கள். புரோக்கர் என்றால் வீட்டுப் புரோக்கர் நினைவு வருகிறதாம்!

தாத்தா 1964இல் பதினெட்டு வயதில் பழைய துறைமுகத்தில் ஓர் ஏஜென்ட் அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார்கள். கரையோரம் ஆழம் இல்லாததால் அந்நாளில் கப்பல்கள் பல மைல் தள்ளியே நங்கூரமிட்டு நிற்கும். மூட்டைகள் தோணியில் போய் வரும். தாத்தாவும் காகிதக் கட்டை மெழுகுத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு தோணியில் போவார்களாம். 1974 ஜூலை 11ஆம் நாள் புதிய துறைமுகம் நாட்டின் பத்தாவது பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. கப்பல்கள் நேரே தளத்தில் வந்து அணைந்தன. அந்தத் துணிவில் தாத்தா 1978இல் சொந்தமாக உரிமம் பெற்று, ஒரு மாடி அறையில், ஒரு தட்டச்சுப் பொறியும் ஒரு சைக்கிளும் மூன்று ஊழியர்களுமாகத் தொழில் தொடங்கினார்கள்.

எங்கள் வீட்டில் அடிக்கடி பேசப்படுவது 1986ஆம் ஆண்டு. அப்போது தாத்தாவின் வருமானத்தில் பாதி ஒரே வியாபாரியிடமிருந்து வந்தது. அவர் இறக்குமதி செய்த இயந்திரங்களுக்கான தாள்களின் நடுவே ஒரு கடிதமும் தவறுதலாகச் சேர்ந்து வந்துவிட்டது. உண்மையான விலை அதில் இருந்தது. சுங்கத்திற்கென்று தந்த விலையோ அதில் பாதி. தாத்தா கேட்டபோது அவர், "அண்ணாச்சி, நான் தர்ற தாளைத்தானே நீங்க எழுதப் போறீங்க? உங்களுக்கென்ன?" என்றாராம். "அடியிலே என் பேருல்லா இருக்கு" என்று தாத்தா சொல்லிவிட்டார்கள். அவர் தாள்களை வாரிக்கொண்டு போனவர்தான். கதைகளில் வருவது போல் மனம் வருந்தித் திரும்பி வரவே இல்லை.

அதன்பின் ஒன்றரை ஆண்டுகள் மிகவும் சிரமம். மூன்று ஊழியர்களின் சம்பளத்தைத் தாத்தா குறைக்கவில்லை. ஆச்சியின் வளையல்கள் ஒவ்வொரு ஜோடியாக அடகுக்குப் போயின. ஒரு ஜோடி இன்றளவும் மீளவில்லை. அப்போது இதே பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் படித்த எங்கள் அத்தைக்குப் புதுச் சீருடை எடுக்க முடியாமல், பழைய பாவாடையின் மடிப்பைப் பிரித்துப் பிரித்துத் தைத்தார்களாம்.

முகவர் வியாபாரிக்குச் சட்டத்தை எடுத்துச் சொல்ல வேண்டும், அவர் கேளாவிட்டால் அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும் என்பது இன்றைய விதி. தாத்தா அதிகாரியிடம் போய்ச் சொன்னார்களா என்று ஆச்சியிடம் கேட்டோம். ஆச்சி பதில் சொல்லாமல் முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டிருந்தார்கள்.

பிறகு தொழில் மெல்ல மெல்ல வளர்ந்தது. 1999இல் தனியார் கன்டெய்னர் முனையம் வந்தபின் அப்பா லாரிகளையும் கிடங்கையும் கவனிக்கத் தொடங்கினார்கள். இன்று முப்பத்திரண்டு பேர் வேலை செய்கிறார்கள். அந்த முதல் மூவரில் ஒருவரின் மகன்தான் கிடங்கின் பொறுப்பாளர். தட்டச்சுப் பொறி போய்க் கணினி வந்தது. 2020 முதல் நம் ஊர்ச் சரக்கின் தாள்களை முகம் தெரியாத வேறோர் ஊர் அதிகாரி பரிசீலிக்கிறார்.

லாரியும் கிடங்கும் தாத்தாவிடமிருந்து பிள்ளைகளுக்கு வரலாம். உரிமம் அப்படி வராது. அதை விற்கவோ மாற்றிக் கொடுக்கவோ முடியாது. குடும்பத்திலோ நிறுவனத்திலோ ஒருவர் எழுத்துத் தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் தேறியாக வேண்டும். அப்பா இரண்டு முறை வாய்மொழித் தேர்வில் தவறினார்கள். (இதை எழுத அவர்களிடம் அனுமதி பெற்றுவிட்டோம்.) தாத்தாவுக்குக் கண்பார்வை மங்கிய காலத்தில், இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான அத்தை, இரவில் அடுக்களையில் அமர்ந்து சுங்கச் சட்டத்தைப் படித்து 2009இல் தேறினார்கள். "பொம்பளப் பிள்ளை ஹார்பருக்குள்ள போகவா?" என்று கேட்ட உறவினர் வீடுகளுக்கெல்லாம் தாத்தா தாமே மக்ரூன் பொட்டலங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தார்களாம்!

அத்தைக்குப் பின் யார்? அத்தையின் மகன்கள் இருவரும் பொறியியல் படித்து வெளியூரில் இருக்கிறார்கள். ஆகவே இந்தக் கேள்வி இப்போது எங்கள் இருவரைச் சுற்றியே வருகிறது. எங்களில் ஒருத்திக்கு மீன்வளக் கல்லூரியில் சேர ஆசை. மற்றவளுக்கு இன்னும் ஒன்றும் பிடிபடவில்லை.

சென்ற அரையாண்டு விடுமுறையில் ஒரு மாலை, அத்தை எங்கள் முன் ஒரு கோப்பை வைத்தார்கள். ஒருத்தி இன்வாய்ஸைப் படிக்க, மற்றவள் பேக்கிங் லிஸ்ட்டைச் சரிபார்த்தாள். ஒன்றில் நிகர எடை 9,840 கிலோ, மற்றொன்றில் 9,480. கண்டுபிடித்துவிட்டோம் என்று துள்ளிக் குதித்தோம். அத்தை சிரிக்கவில்லை. கரூரிலிருந்து தலையணை உறை அனுப்பும் ஒரு சிறு வியாபாரியின் சரக்கு அது. அன்றிரவே கன்டெய்னர் துறைமுகத்துக்குள் போயாக வேண்டும். போகாவிட்டால் கொழும்பு போகும் கப்பல் தவறும். அங்கிருந்து ஐரோப்பா செல்லும் பெரிய கப்பலும் தவறும்.

அத்தை தொலைபேசியில் அழைத்தார்கள். "எழுத்துப் பிழைதாம்மா, இப்போ அனுப்பிருங்க, காலையில திருத்தித் தாரேன்" என்றார் அவர். "திருத்தின தாள் வராம நான் தாக்கல் பண்ண முடியாது தம்பி" என்று அத்தை மூன்று முறை சொன்னார்கள். குரல் உயரவில்லை. அவருடைய குரல்தான் அறை முழுவதும் கேட்டது. எழுத்துப் பிழையேதான் என்பது மறுநாள் தெரிந்தது. ஆயினும் கப்பல் போய்விட்டது. ஒரு வாரத் தாமதமும் வாடகையும் அவர் தலையில் விழுந்தன. நாங்கள் கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாமோ என்று அன்றிரவு படுக்கையில் கிசுகிசுத்துக்கொண்டோம். அவர் அடுத்த சரக்கை எங்களிடம் தருவாரா என்று இதை எழுதும்வரை தெரியவில்லை.

அந்தக் கோப்பைக் கட்டி அடுக்கும் வேலையை அத்தை எங்களுக்கே தந்தார்கள். ஐந்தாண்டுக் காலம் பத்திரமாக இருக்க வேண்டுமாம். அதன் முதுகில் தேதியை எழுதியவளின் கையெழுத்துக் கோணலாக இருக்கிறது. அது யாருடையது என்பதில் எங்களுக்குள் இன்னும் சண்டை தீரவில்லை.